ஜிப்சம் மூட்டை வாங்கும் முன்: நிலம் எதனால் கெட்டது என்று கண்டுபிடிப்பது எப்படி

மாலூரிலோ சிந்தாமணியிலோ ஒசூர்ப் பக்கத்திலோ ஒன்றிரண்டு ஏக்கர் நிலம். வாரம் முழுக்க பெங்களூரில் வேலை. ஞாயிறு விடிகாலை வண்டியை எடுத்தால்தான் வரப்பில் கால் வைக்க முடியும். இந்தக் குறிப்பு அப்படிப்பட்டவர்களுக்கு. நிலம் முன்னைப்போல் விளையவில்லை என்பது கண்ணுக்குத் தெரிகிறது. உரக்கடைக்காரர் ஜிப்சம் போடச் சொல்கிறார். பக்கத்து நிலத்துக்காரர் ஏரி வண்டல் நாலு லோடு அடிக்கச் சொல்கிறார். இரண்டும் நல்ல யோசனைதான், யாரோ ஒருவருடைய நிலத்துக்கு.

மண் அரித்துப் போன நிலம், உவர் (உப்பு மிகுந்தது), களர் (சோடியம் மிகுந்தது), அடியில் இறுகிய நிலம், அமிலம் ஏறிய நிலம், சத்து வற்றிய நிலம், சாக்கடை பாய்ந்த நிலம் எல்லாம் வேறு வேறு நோய்கள். மேலே பார்த்தால் எல்லாம் ஒரே மாதிரி சோனியான பயிர்தான். உலகத்தில் விளைநிலத்தைப் பெரிய அளவில் இழந்த நாடுகளும் ஒரே வழியில் இழக்கவில்லை. அந்தந்த ஊரில் என்ன நடந்தது என்று தெரிந்திருந்தால் நம் நிலத்தில் எதைத் தேடுவது என்று பிடிபடும். அதற்காகவே அவற்றை இடையிடையே சொல்கிறோம்.

பையில் எடுத்துப் போக வேண்டியவை

நீரில் கரைந்த உப்பை அளக்கும், பேனா மாதிரி இருக்கும் டி.டி.எஸ். மீட்டர் ஒன்று, பெங்களூர் எஸ்.பி. ரோட்டில் கிடைக்கும். பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் 5 லிட்டர். மூடியுள்ள கண்ணாடி பாட்டில் ஆறு, அகல வாய் டம்ளர் நாலு. 1 கிராம் வரை காட்டும் சமையலறைத் தராசு, அமில-கார அளவைக் காட்டும் பி.எச். தாள், அளவு நாடா. பிறகு ஒரு கம்பி: 10 அல்லது 12 மி.மீ. கம்பியை 1 மீட்டர் நீளத்துக்கு வெட்டி, தலையில் குறுக்காக ஒரு கைப்பிடி வைத்து, எந்த கிரில் பட்டறையில் கேட்டாலும் வெல்டு அடித்துக் கொடுப்பார்கள். முனையைக் கூராக்கி, 10 செ.மீ.க்கு ஒரு கோடு பெயின்ட் அடித்துக்கொள்ளுங்கள்.

டிஸ்டில்டு வாட்டரை மிச்சம் பிடிக்க போர்வெல் நீரைப் பயன்படுத்தாதீர்கள். அதிலுள்ள உப்பே சோதனையைப் பொய்யாக்கிவிடும். எப்படி என்று கீழே வருகிறது. வீட்டு ஆர்.ஓ. நீர் பரவாயில்லை. ஆனால் அதன் டி.டி.எஸ். எவ்வளவு என்று முதலில் பார்த்து, பிறகு வரும் கணக்கில் கழிக்க வேண்டும்.

மேல்மண் இருக்கிறதா, போய்விட்டதா

நல்ல மழைக்கு மறுநாள் போவது உத்தமம். மேட்டிலிருந்து பள்ளத்துக்கு நடங்கள். விரல் அகல ஓடைகள் விழுந்திருந்தால் ஒன்றை அளந்து பாருங்கள். 10 செ.மீ. அகலம், 5 செ.மீ. ஆழம், 40 மீட்டர் நீளம் என்றால் போனது 0.2 கன மீட்டர் மண், ஏறக்குறைய 280 கிலோ. அப்படிப் பத்து ஓடை இருந்தால் ஒரு மழைக்கு மூன்று டன் பக்கம். ஓடையே இல்லாமல் பாய் சுருட்டுவது மாதிரி சீராகப் போகும் அரிப்பு இன்னும் மோசம், ஏனென்றால் அது கண்ணில் படாது. அதற்கு அடையாளங்கள் வேறு: சிறு கற்கள் ஒவ்வொன்றும் மண் பீடத்தின் மேல் உட்கார்ந்திருக்கும், வரப்போர மரத்தின் வேர்கள் வெளியே தெரியும், வேலிக்கல்லில் பழைய மண்மட்டத்தின் கறை மேலே நிற்கும். ஒரு ஏக்கரில் 1 செ.மீ. மண் போனால் 40 கன மீட்டர், எடையில் 50 டன்னுக்கு மேல். 10 டன் டிப்பரில் ஐந்து லோடு.

நிலம் வாங்கி நாலைந்து வருடம்தான் ஆகிறது என்றால் இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள்: முன்பிருந்தவர் மேல்மண்ணைச் செங்கல் சூளைக்கு விற்றாரா, அல்லது ஜே.சி.பி. விட்டு மட்டம் தட்டினாரா? ஐந்து இடத்தில் 40 செ.மீ. தோண்டுங்கள். கோலார், ஒசூர்ச் செம்மண்ணில் மேலே பழுப்புக் கலந்த மணல்சாரியான மண், கீழே போகப்போகச் சிவப்பும் களித்தன்மையும் கூட வேண்டும். எடுத்த எடுப்பிலேயே ரத்தச் சிவப்பில் ஒட்டும் மண் வந்தால் மேல்மண் அங்கே இல்லை. அந்த இடத்துக்கு எந்த உரமும் முதல் மூன்று வருடத்தில் முழு பலன் தராது. தொழு உரத்தைத்தான் கொட்ட வேண்டும். இனி மட்டம் தட்டுவதாக இருந்தால், மேல் 20 செ.மீ. மண்ணை முதலில் ஓரமாக வழித்துக் குவித்து, அடிமண்ணை மட்டமாக்கி, பிறகு குவித்ததை மேலே பரப்பச் சொல்லுங்கள். மணிக்கணக்குக்கு ஓடும் ஜே.சி.பி.க்காரர் தானாக இதைச் செய்ய மாட்டார்.

அமெரிக்காவின் பெருஞ்சமவெளியில் 1930களில் நடந்தது காற்றரிப்பு. புல்வெளியைக் கோதுமைக்காக உழுது போட்டார்கள், வறட்சி வந்தது, பிடித்து நிறுத்த வேரில்லாத மண்ணைக் காற்று தூக்கிக்கொண்டு போனது. 1935 ஏப்ரல் 14-ஐ அங்கே கருப்பு ஞாயிறு என்கிறார்கள். அதே மாதம் மண் பாதுகாப்புச் சட்டம் வந்தது. இதையெல்லாம் பார்த்த பிறகும் சோவியத் அரசு 1954-ல் கஜகஸ்தான் புல்வெளியைக் கோதுமைக்காக உழ ஆரம்பித்தது, சில ஆண்டுகளில் அங்கேயும் புழுதி கிளம்பியது. சீனாவின் லோயஸ் (காற்று கொண்டுவந்து படிந்த மென்மண்) மேட்டுநிலத்தில் நடந்தது நீரரிப்பு. செங்குத்துச் சரிவில் உழவும் ஆடு மேய்ச்சலும் சேர்ந்து மண்ணை ஆற்றுக்கு அனுப்பின. 1994-ல் உலக வங்கிக் கடனோடு தொடங்கிய திட்டத்தில் படிக்கட்டு வயல் வெட்டியதோடு, சரிவில் மேய்ச்சலையும் தடுத்தார்கள். அவிழ்த்துவிட்ட ஆடு இருக்கும் வரை சரிவில் நட்ட கன்று எதுவும் நிற்காது.

நம் பக்கத்துச் சரிவு இரண்டு மூன்று சதவீதம்தான். அதற்குச் சரிவின் குறுக்கே உழுது விதைத்தாலே பாதி வேலை முடிந்தது. குறுக்கு எது என்று கண்ணால் முடிவு செய்யாதீர்கள், கண் ஏமாற்றும். 2 மீட்டர் மூங்கில் இரண்டை உச்சியில் கட்டி, நடுவில் ஒரு குறுக்குக் கம்பு கட்டி, உச்சியிலிருந்து கல் கட்டிய நூலைத் தொங்கவிடுங்கள். சற்றே சரிந்த இடத்தில் இரு கால்களையும் ஊன்றி, நூல் குறுக்குக் கம்பைத் தொடும் இடத்தில் கோடு போடுங்கள். காலை இடம் மாற்றி அதே இரு புள்ளிகளில் வைத்து இன்னொரு கோடு. இரண்டுக்கும் நடுவே மூன்றாவது கோடு போட்டால் அதுதான் மட்டம். நூல் நடுக்கோட்டில் நிற்கும்படி ஒரு காலை ஊன்றி மறு காலைச் சுழற்றி, ஒவ்வொரு எட்டுக்கும் ஒரு குச்சி நட்டுப் போனால் சமமட்டக் கோடு கிடைக்கும். ஒவ்வொரு 1 மீட்டர் இறக்கத்துக்கும் ஒரு வரிசை வெட்டிவேர், 15 செ.மீ. இடைவெளியில், 3 சதவீதச் சரிவில் அது 33 மீட்டருக்கு ஒன்று. வரிசையில் செத்துப்போன கன்றை அடுத்த மழைக்குள் மாற்றிவிடுங்கள். ஒரு இடைவெளி விட்டால் மொத்தத் தண்ணீரும் அந்த வாசலைத் தேடி வந்து ஆளுயரப் பள்ளம் பறித்துவிடும். வழிவாய் இல்லாமல் போட்ட மண்வரப்புக்கும் இதே கதிதான்.

கம்பியும் குழியும்: அடியில் இறுகியிருக்கிறதா

நிலம் நன்றாக நனைந்த மழைக்கு இரண்டு நாள் கழித்து, உடம்பின் பாரத்தைச் சீராகக் கொடுத்துக் கம்பியை இறக்குங்கள். குத்த வேண்டாம், அழுத்துங்கள். 15 முதல் 25 செ.மீ.க்குள் நின்று, பலம் கொடுத்தால் சட்டென்று நழுவி மேலும் இறங்கினால் அது உழவுத் தட்டு. எங்கேயும் இறங்கவே இல்லை என்றால் மண் காய்ந்திருக்கிறது, அல்லது கீழே மொரம்பு. சந்தேகம் தீர, உழவே படாத வரப்போரத்திலும் அதே சோதனை செய்யுங்கள். அங்கேயும் அதே ஆழத்தில் நின்றால் அது இயற்கையான அடுக்கு; கலப்பை செய்த கேடு இல்லை. பத்து இடத்திலாவது இறக்கிப் பார்த்து ஆழத்தை எழுதி வையுங்கள்.

பிறகு வாடி நிற்கும் துவரைச் செடி ஒன்றின் பக்கத்தில் முக்கால் மீட்டர் குழி. செடியின் ஆணிவேர் நேராக இறங்கி, ஓரிடத்தில் முழங்கை மடக்கின மாதிரி பக்கவாட்டில் திரும்பியிருந்தால் கம்பி சொன்னது சரி. குழிச் சுவரைக் கத்தியால் மேலிருந்து கீழாக வருடுங்கள். தட்டு இருக்கும் மட்டத்தில் கத்தி நறுக்கென்று நிற்கும், அங்கே மண் இலை இலையாகப் பெயரும்.

காரணம் ரோட்டவேட்டர் (டிராக்டரில் மாட்டும் சுழல் கலப்பை). ஒவ்வொரு போகத்துக்கும் அதே 12, 15 செ.மீ. ஆழத்தில் அது சுற்றி, கீழேயுள்ள மண்ணைத் தேய்த்து மெழுகிவிடுகிறது. ஈரம் காயுமுன் டிராக்டரை இறக்கினால் சக்கரமும் சேர்ந்து அழுத்தும். மேற்கு ஐரோப்பாவில் மழை குறையவில்லை, உப்பும் ஏறவில்லை. ஆனால் ஈர வயலில் பாரமான அறுவடை எந்திரங்கள் போய்ப்போய் 40 செ.மீ.க்குக் கீழேயும் மண் இறுகிவிட்டது. அந்த ஆழத்தில் இறுகினால் பல பத்தாண்டுகளுக்குத் தானாக நெகிழாது. பணக்கார நாட்டு நோய்தான். வாடகை டிராக்டர் வழியே இங்கேயும் வந்துவிட்டது.

மருந்து உளிக்கலப்பை. கோடையில், மண் நன்றாகக் காய்ந்திருக்கும்போது, 50 செ.மீ. இடைவெளியில் 40 செ.மீ. ஆழத்துக்கு ஒரு திசையில் ஓட்டி, பிறகு குறுக்கே ஒருமுறை. ஈரத்தில் ஓட்டினால் உளி வெண்ணெயில் கத்தி போல் கோடு மட்டும் போட்டுவிட்டுப் போகும். தட்டு உடையாது, காசு போகும். ஓட்டின கையோடு ஏக்கருக்கு 5 டன் தொழு உரமோ மக்கிய தென்னை நார்க் கழிவோ இட்டு, துவரை மாதிரி ஆழவேர்ப் பயிர் ஒன்று விதைத்துவிடுங்கள். உளி திறந்த வாயை வேர் பிடித்துக்கொள்ளாவிட்டால் இரண்டு மழையில் மூடிக்கொள்ளும். இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை மறுபடி ஓட்ட வேண்டிவரும். ரோட்டவேட்டரை விடாதவர்களுக்கு அதற்கு முன்பே.

டம்ளரில் ஒரு மண்கட்டி

இந்த ஒரு சோதனையை மட்டும் செய்தாலே பாதித் தவறான செலவு மிச்சம். நிலத்தில் நாலு இடத்தில், மேல் 10 செ.மீ.யிலிருந்தும் 30 செ.மீ. ஆழத்திலிருந்தும் கோலிக்குண்டு அளவு மண்கட்டி எடுத்து, இரண்டு நாள் நிழலில் காயவிடுங்கள். டம்ளரில் டிஸ்டில்டு வாட்டர் ஊற்றி, கட்டியை மெதுவாக உள்ளே விடுங்கள். குலுக்காதீர்கள், கரண்டி போடாதீர்கள், மேசையைக்கூட ஆட்டாதீர்கள். 10 நிமிடம் கழித்து ஒருமுறை, 2 மணி நேரம் கழித்து ஒருமுறை பாருங்கள்.

கட்டி உருக்குலையாமல் அப்படியே உட்கார்ந்திருந்தால் நல்லது. பொலபொலவென்று உதிர்ந்து குவியலாகி, தண்ணீர் மட்டும் தெளிவாக இருந்தால் அங்கக சத்து குறைவு; மழைத்துளி பட்டதும் மேலே ஓடு கட்டும் நிலம் இது. செம்மண்ணில் சகஜம். கட்டியைச் சுற்றி பால் கலந்த மாதிரி புகைமூட்டம் கிளம்பி, 2 மணி நேரத்தில் அடி தெரியாமல் கலங்கினால் அது களர். சோடியம் களித்துகள்களை ஒன்றையொன்று தள்ளிவிடுகிறது. துகள்கள் பிரிந்து போய் மண்ணின் கண்ணறைகளை அடைக்கின்றன. அதனால்தான் களர் நிலத்தில் மழைநீர் நாள்கணக்கில் தேங்கி நிற்கும், ஆனால் ஒரு சாண் கீழே மண் காய்ந்து கிடக்கும்.

போர்வெல் நீர் வேண்டாம் என்றதற்குக் காரணம் இதுதான். நீரில் கரைந்த உப்பு கூடினால் துகள்கள் பிரியாமல் சேர்ந்தே படியும். களர் மண்ணும் அந்த நீரில் தெளிவாகவே நிற்கும். நல்ல நிலம் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வருவீர்கள். முதல் பெருமழை உப்பைக் கழுவியதும் நிலம் சேறாகி ஓடு கட்டும்.

வெள்ளை பூத்திருக்கிறது: எங்கிருந்து வந்த உப்பு

20 கிராம் காய்ந்த, பொடித்த மண், 100 மி.லி. டிஸ்டில்டு வாட்டர். பாட்டிலில் போட்டு ஒரு மணி நேரத்தில் ஏழெட்டு முறை நன்றாகக் குலுக்கி, அரைமணி தெளியவிட்டு, மேல்நீரில் டி.டி.எஸ். மீட்டரை வையுங்கள். 160 காட்டுகிறது, வெறும் நீர் 2 காட்டியது என்றால் மிச்சம் 158. மீட்டரின் பெருக்கு எண் அட்டையில் இருக்கும். 0.5 என்றால் 500-ஆல் வகுங்கள்: 0.32. இது ஐந்து மடங்கு நீர்த்த கரைசலின் இ.சி. (உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்துதிறன், டெசிசீமன்ஸ்/மீட்டர் கணக்கில்). வேர் உணரும் இ.சி. கிடைக்க, மண்ணின் ரகத்துக்கேற்பப் பெருக்க வேண்டும். ஈரமண்ணைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே நாடாவாகத் தள்ளுங்கள். 2 செ.மீ.யில் அறுந்தால் மணல்சாரி வண்டல் (சாண்டி லோம்), 14-ஆல் பெருக்குங்கள். இரண்டரை செ.மீ. வந்தால் வண்டல் (லோம்), 10. ஐந்து செ.மீ.க்கு மேல் நீண்டால் களி, 6 முதல் 8. நம் உதாரணத்தில் 0.32-ஐ 14-ஆல் பெருக்கினால் 4.5. 4-ஐத் தாண்டினால் உவர் நிலம் என்பது உலகெங்கும் வைத்திருக்கும் கணக்கு.

ஆனால் 4 வரை காத்திருக்கத் தேவையில்லை, பயிரே சொல்லிவிடும். பீன்ஸ், கேரட் 1-ஐத் தாண்டினாலே மகசூல் குறையும். தக்காளி 2.5 வரை தாங்கும், கோதுமை 6, பார்லி 8. பழைய மெசபடோமியாவின் தெற்கில் பாசன நிலத்தில் கோதுமை குறைந்து பார்லி கூடியதைக் களிமண் பலகைக் கணக்குகள் காட்டுகின்றன. உப்புதான் முழுக் காரணமா என்பதில் ஆய்வாளர்களிடையே வாதம் உண்டு. இருந்தாலும் பயிர் மாறிய வரிசை பாடத்துக்கு உதவும்: உங்கள் நிலத்தில் பீன்ஸ் ஓரம் கருகி, தக்காளி மட்டும் பரவாயில்லை என்று ஆகிவிட்டால் மீட்டரை எடுக்கும் நேரம் வந்துவிட்டது.

உப்பு இருப்பது தெரிந்தபின், எந்த வழியில் வந்தது என்பதுதான் உண்மையான கேள்வி. மூன்று வழிகள்.

ஒன்று, கீழிருந்து ஏறுவது. வாய்க்கால் பாசனத்தில் வடிகால் இல்லாமல் நீர் பாய்ச்சப்பாய்ச்ச நிலத்தடி நீர்மட்டம் உயரும். அது ஒன்றரை, இரண்டு மீட்டருக்குள் வந்துவிட்டால் விளக்குத் திரி எண்ணெயை இழுப்பது போல் மண் நீரை இழுக்கும். நீர் ஆவியாகும், உப்பு தங்கும். ஆரல் கடலுக்குப் போன அமு தாரியா, சிர் தாரியா ஆறுகளை 1960களிலிருந்து பருத்திக்குத் திருப்பிய மத்திய ஆசியாவில் கடலும் வற்றியது, பாசன நிலமும் உவராகியது. நமக்குக் கிட்டத்தில் துங்கபத்ரா பாசனப் பகுதியில் இதே நோய். கண்டுபிடிக்க, மே மாதத்திலும் நவம்பரிலும் 2 மீட்டர் துளை போட்டு, மறுநாள் நீர் நிற்கிறதா என்று பாருங்கள். நின்றால் வடிகால் வெட்டாமல் வேறு எதைச் செய்தாலும் வீண்.

இரண்டு, மேலிருந்து நாமே ஊற்றுவது. கோலார், சிந்தாமணிப் பக்கம் பெரும்பாலும் இதுதான். அங்கே நீர்மட்டம் நூற்றுக்கணக்கான அடிக்குக் கீழே. ஏறிவர வாய்ப்பே இல்லை. ஆனால் அந்த ஆழத்து நீரின் டி.டி.எஸ். 1000 என்று வையுங்கள். ஒரு ஏக்கருக்கு ஒரு போகத்தில் 50 செ.மீ. நீர் என்றால் 20 லட்சம் லிட்டர். லிட்டருக்கு 1 கிராம். மொத்தம் 2 டன் உப்பு. எந்தப் பயிரும் அதை எடுத்துக்கொள்வதில்லை. மழைதான் கழுவ வேண்டும். டிரிப்பில் (சொட்டுநீர்ப் பாசனத்தில்) ஈரம் முடியும் விளிம்பில் இந்த உப்பு வட்டமாகச் சேர்ந்து வெள்ளையாகத் தெரியும். முதல் சிறுமழை வந்ததும் எல்லோரும் மோட்டாரை நிறுத்திவிடுவார்கள். நிறுத்தாதீர்கள். விளிம்பிலிருக்கும் உப்பை அந்தச் சிறுமழை கரைத்து நேரே வேருக்குத் தள்ளும். டிரிப் ஓடிக்கொண்டிருந்தால்தான் அதை வெளியே தள்ளி வைக்கும். பெருமழை பிடித்தபிறகு நிறுத்தலாம்.

மூன்றாவது மேற்கு ஆஸ்திரேலியாவின் வழி. அங்கே பாசனமே கிடையாது, மானாவாரிக் கோதுமை. இருந்தும் பத்து லட்சம் ஹெக்டேருக்கு மேல் உவர். காரணம், ஆழவேர்விட்டு வருடம் முழுக்க நீரைக் குடித்துக்கொண்டிருந்த யூகலிப்டஸ் காடுகளை வெட்டியது. குறுகிய வேர்க் கோதுமை குடிக்காமல் விட்ட மழைநீர் கீழே இறங்கி, நீர்மட்டத்தை உயர்த்தி, ஆயிரமாண்டுகளாக ஆழத்தில் தூங்கிய உப்பைத் தூக்கி வந்தது. ரயில் எஞ்சினுக்கு ஊற்றும் நீர் உப்பாவதைக் கவனித்த டபிள்யூ.இ. வுட் என்ற ரயில்வே பொறியாளர் 1924-லேயே இதை எழுதிவைத்தார். கோலாரில் கதை நேர் தலைகீழ். மண் ஈரத்தை உறிஞ்சுகிறது என்று சொல்லி யூகலிப்டஸ் நடுவதைக் கர்நாடக அரசு 2017-ல் தடை செய்தது. ஒரே மரம், அங்கே எடுத்ததால் கேடு, இங்கே வைத்ததால் கேடு. எங்கோ நடந்த வெற்றியைப் பார்த்து இங்கே செய்யலாமா என்று யாராவது கேட்டால், முதலில் அந்த ஊர் நீர்மட்டம் எத்தனை அடி என்று திருப்பிக் கேளுங்கள்.

ஜிப்சம் எப்போது, எவ்வளவு

டம்ளரில் புகை கிளம்பியது, பி.எச். 8.5-க்கு மேல். இப்போதுதான் ஜிப்சத்தின் பெயரே எடுக்க வேண்டும். வெறும் உவர் நிலத்தில் ஜிப்சம் போடுவது உப்புக்கு மேல் உப்பு; அங்கே தேவை நல்ல நீரும் வடிகாலும். களரில் சுண்ணாம்பு போடுவதும் வீண்: அந்த பி.எச்.சில் சுண்ணாம்பு கரையாது.

அளவை ஆய்வகம்தான் சொல்ல வேண்டும். ‘ஜிப்சம் தேவை’ என்று தனியாகக் கேட்டு வாங்குங்கள். பஞ்சாப், ஹரியானாவின் மோசமான களருக்கு ஹெக்டேருக்கு 10 முதல் 15 டன் போட்டார்கள். 1969-ல் தொடங்கிய கர்னால் மண் உவர்மை ஆராய்ச்சி நிறுவனத்தின் வழிமுறையில் முக்கியமானது ஆழம்: மேல் 10 செ.மீ.யில் மட்டும் கலக்க வேண்டும். ஆழ உழுது கலந்தால் சரக்கு பரவிப்போய் எந்த அடுக்கும் முழுதாகத் திருந்தாது. வயலை மட்டமாக்கி, வரப்புக் கட்டி, ஜிப்சம் கலந்து, நல்ல நீரைத் தேக்கி வடிக்க வேண்டும். ஜிப்சத்திலுள்ள கால்சியம் விரட்டிய சோடியம் நீரோடு வெளியேறும் வழி இல்லையென்றால் அது திரும்ப வந்து உட்கார்ந்துகொள்ளும். பிறகு பசுந்தாள் உரச் செடியான தக்கைப்பூண்டு விதைத்து, பூக்கும் தருணத்தில் மடக்கி உழுங்கள்.

களர் வந்த காரணம் போர்வெல் நீரிலுள்ள பைகார்பனேட் என்றால், மண்ணை ஒருமுறை திருத்தினாலும் நீர் மறுபடி கெடுக்கும். நீர்ச் சோதனையில் ‘எஞ்சிய சோடியம் கார்பனேட்’ என்ற வரியைப் பாருங்கள். லிட்டருக்கு 1.25 மில்லி ஈக்குவலன்ட் வரை பயமில்லை, 2.5-க்கு மேல் பாசனத்துக்கு ஆகாது. இடைப்பட்டதற்கு, குறைக்க வேண்டிய ஒவ்வொரு மில்லி ஈக்குவலன்ட்டுக்கும் ஏக்கருக்கு 5 செ.மீ. பாய்ச்சல் ஒன்றுக்கு 17 கிலோ சுத்த ஜிப்சம். சாக்கில் கட்டி, நீர் விழும் தொட்டியில் போட்டு அதன் மேலாக நீரை ஓடவிடுவார்கள். 70 சதவீதத் தரம் என்றால் 25 கிலோ. டிரிப்புக்கு இந்த முறை வேண்டாம்; வாயடைக்கும்.

அமிலம், சத்து, சாக்கடை

அமிலத்தைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. பி.எச். 5.5-க்குக் கீழே போனால் மண்ணிலுள்ள அலுமினியம் கரைந்து வேர் நுனியைக் கருக்கும். பிரேசிலின் செராடோ இயற்கையிலேயே அப்படிப்பட்ட மண். சுண்ணாம்பு போட்டுத்தான் சோயா வந்தது. சீனாவில் தழைச்சத்து உரத்தை அள்ளிக் கொட்டியே அமிலமாக்கினார்கள். நம் செம்மண்ணிலும் வழி அதுதான்: 45 கிலோ யூரியா மூட்டை ஒன்று உண்டாக்கும் அமிலத்தை ஆற்ற, தோராயமாக 37 கிலோ சுண்ணாம்புத் தூள் வேண்டும். யூரியாவையும் சுண்ணாம்பையும் ஒரே நாளில் போடாதீர்கள். தழைச்சத்து அமோனியாவாகப் பறந்துவிடும்.

சத்து வற்றுவது சத்தமில்லாத நோய். சகாராவுக்குத் தெற்கேயுள்ள ஆப்பிரிக்காவில் உரம் அதிகமாகி நிலம் கெடவில்லை. எடுத்ததைத் திருப்பிப் போடாமல் கெட்டது. 2006-ல் அபுஜாவில் கூடிய ஆப்பிரிக்க அரசுகள் ஹெக்டேருக்கு 50 கிலோ சத்தாவது போட வேண்டும் என்று இலக்கு வைத்தன. ராகியை அறுத்து, தட்டையை மாட்டுக்கு விற்று, சாணத்தை எருக்குழிக்கு அனுப்பாத நிலமும் அதே பாதைதான். அறிக்கையில் அங்கக கார்பன் 0.5 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் மற்ற எண்களைப் பார்க்கும் முன் இதைத் திருத்துங்கள்.

பெங்களூரைச் சுற்றி நிலம் வைத்திருப்பவர்கள் நீரையும் சந்தேகப்பட வேண்டும். கே.சி. வேலி (கோரமங்கலா–சல்லகட்டா பள்ளத்தாக்கு) திட்டத்தில் நகரத்தின் கழிவுநீர் இரண்டாம் கட்டம் வரை சுத்தமாகி 2018 முதல் கோலார் ஏரிகளுக்குப் போகிறது. கர்நாடகத்தில் தட்சிண பினாகினி என்று பெயர்கொண்ட தென்பெண்ணை ஒசூர் கெலவரப்பள்ளி அணையில் நுரை பொங்க இறங்குவதைப் பலமுறை பார்த்தாயிற்று. இப்படிப்பட்ட நீர் பாயும் நிலத்தில் கீரை போட்டால் மண்ணிலும் கீரையிலும் காட்மியம், ஈயம், குரோமியம், நிக்கல் நாலையும் சோதியுங்கள். ஜப்பானில் ஜின்சு ஆற்றங்கரை நெல்வயல்களில் சுரங்கத்துக் காட்மியம் ஏறி, அந்த அரிசியைச் சாப்பிட்டவர்களின் எலும்பு நொறுங்கிய நோயை 1968-ல் அரசே மாசு நோயாக ஏற்றது. கன உலோகத்துக்குச் சுலபமான மருந்து எதுவும் கிடையாது. இலைக்கறியை விட்டுவிட்டு மரமோ பூவோ வைப்பதே புத்திசாலித்தனம். ஏரி வண்டல் அருமையான சரக்கு, ஆனால் கிராமத்து ஏரி வண்டலாக இருந்தால் மட்டும். நகரத்துச் சாக்கடை கலந்த ஏரியின் வண்டல் இலவசமாகக் கிடைத்தாலும் சோதிக்காமல் லாரியை உள்ளே விடாதீர்கள்.

ஆய்வகத்துக்கு மண் எடுப்பது

வீட்டுச் சோதனை நோயின் பெயரைச் சொல்லும். மருந்தின் அளவை ஆய்வகம் சொல்லும். கர்நாடகப் பக்கம் நிலம் என்றால் ஹோப்ளியிலுள்ள (தாலுகாவின் உட்பிரிவு) ரைத சம்பர்க்க கேந்திரம் என்ற விவசாயிகள் உதவி மையம், தமிழ்நாட்டுப் பக்கம் வேளாண் விரிவாக்க மையம் வழி காட்டும். ஒரே மாதிரி தெரியும் நிலத்தை ஒரு துண்டாகவும், வெள்ளை பூத்த திட்டைத் தனித் துண்டாகவும் பிரியுங்கள். இரண்டையும் கலந்தால் வரும் சராசரி எந்த இடத்துக்கும் பொருந்தாது. ஒரு துண்டில் குறுக்கும் நெடுக்குமாக நடந்து 10 முதல் 15 இடம். வரப்போரம், மரநிழல், எருக்குப்பை கிடந்த இடம், வாய்க்கால் ஓரம் வேண்டாம். மேலே கிடக்கும் சருகை விலக்கி, ‘வி’ வடிவில் 15 செ.மீ. வெட்டி, சுவரிலிருந்து விரல் கனத்துக்கு மேலிருந்து கீழாகச் சீவுங்கள். நுண்ணூட்டமும் பார்ப்பதாக இருந்தால் துருப்பிடித்த மண்வெட்டி வேண்டாம். மூங்கில் சீவலால் கடைசிப் படலத்தை எடுங்கள். எல்லாவற்றையும் சுத்தமான பிளாஸ்டிக் பக்கெட்டில் கலந்து, தாளில் வட்டமாகப் பரப்பி, நாலாகப் பிரித்து எதிரெதிர் பங்கை நீக்கி, மறுபடி கலந்து, அரை கிலோ மிஞ்சும் வரை இதையே செய்யுங்கள். நிழலில் உலர்த்தி, துணிப்பையில் கட்டுங்கள். பழைய யூரியாச் சாக்கில் கொண்டுபோனால் அறிக்கையில் தழைச்சத்து அமோகமாகத்தான் வரும்.

உப்பு, களர் சந்தேகம் இருந்தால் 0-15, 15-30, 30-60 செ.மீ. மூன்று ஆழத்திலும் தனித்தனியாக எடுங்கள். மேலே அதிகம், கீழே குறைவு என்றால் உப்பு மேலே தங்குகிறது: கீழிருந்து ஏறி ஆவியாகிறது, அல்லது ஊற்றும் நீர் வேர்மட்டத்தைத் தாண்டி இறங்கவே இல்லை. எது என்பதை முன்பு போட்ட 2 மீட்டர் துளை சொல்லிவிடும். மேலே குறைவு, கீழே அதிகம் என்றால் மழையோ பாசனமோ அதைக் கீழே தள்ளிக்கொண்டிருக்கிறது, நல்ல அறிகுறி. மாதிரி எடுத்த மாதத்தைப் பையிலேயே எழுதி வையுங்கள். மே மாதம் எடுத்ததை நவம்பர் மாதிரியோடு ஒப்பிட முடியாது, இடையில் மழை உப்பை இடம் மாற்றியிருக்கும். அடுத்த மாதிரியும் அடுத்த மே மாதம், உழவுக்கு முன், அதே இடங்களில்.